உன் அப்பா பார்க்காத ஏரி

பிரியமுள்ள தேவா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மழை விட்டதும் நீயும், உன்னோடு மிட்சினா தந்தி ஆபீசில் வேலை பார்க்கும் கோ தெயினும் மலைமேல் இருக்கும் அந்த ஏரிக்கு நடந்து போகப்போவதாக எழுதியிருக்கிறாய். எந்த வழியாகப் போவது, எதையெல்லாம் எடுத்துப்போவது, எங்கே தங்குவது என்று விவரமாகக் கேட்டிருக்கிறாய். கடைசியில், அப்பா நின்று பார்த்த இடத்தில் நானும் நின்று பார்க்க வேண்டும் அம்மா என்று ஒரு வரி. அதைப் படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரயில் போகும்போதெல்லாம் நம் தாங்ஞுன்ட் பேட்டை வீட்டில் பாத்திரங்கள் அதிருமே, அந்தச் சத்தம் வந்த பிறகுதான் எழுந்தேன். நீ கேட்ட எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா அந்த ஏரியைப் பார்க்கவில்லை. பார்த்தவள் நான்.

நீ அப்படி நினைத்துக்கொண்டதில் தப்பில்லை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் அந்த ஏரியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவர்கள் யாரும் அவர் பார்க்கவில்லை என்று நினைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்வார். காற்று எப்படி அடித்தது, மேகம் எப்படி ஏறி வந்தது, தண்ணீர் என்ன நிறம் என்றெல்லாம் சொல்வார். ஆனால் நான் பார்த்தேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அங்கே தண்ணி இப்படி இருக்கும், கரை இப்படி இருக்கும் என்றுதான் சொல்வார். கேட்கிறவர்களும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டு, என் வாயிலிருந்து போன சொற்கள் அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. என்னைவிட அவர் அதை நன்றாகச் சொன்னார்.

அவருக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் பிறந்தது இங்கே, ஆற்றங்கரையில், கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள் குடியிருந்த வரிசையில். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவருடைய கையெழுத்தையும் கோடு போடும் சுத்தத்தையும் பார்த்து ஒரு வாத்தியார் சர்வே ஆபீசில் படம் வரையும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வடக்கே மலைகளை அளக்கப் போனவர்கள் பென்சிலில் கிறுக்கிக் கொண்டுவரும் தாள்களை மையில் சுத்தமாக வரைந்து வண்ணம் தீட்டுவது அவர் வேலை. பர்மாவில் உள்ள மலையெல்லாம் அவர் தூரிகைக்குக் கீழே வந்து போயிருக்கிறது. ஆனால் நேரில் அவர் ஏறிய மேடு ஷ்வேடகோன் பகோடா இருக்கும் குன்று ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில், சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கட்டைவிரலில் நீலமையோடு உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு ஒரு ஏரி போட்டேன்" என்றார். பிள்ளை பிறந்த சேதி சொல்கிற மாதிரி இருந்தது அவர் முகம். சீன எல்லைப் பக்கம், மரம் முளைக்காத உயரத்தில், பனிக்காலத்தில் உறைந்துபோகும் ஏரியாம். தாளில் ஒரு புளியங்கொட்டை அளவு. அன்றிலிருந்து அவருக்கு வேறு ஊர் நினைவே இல்லை. மற்றவர்கள் லீவு கிடைத்தால் கப்பலேறி மதராசுக்குப் போவார்கள். இவர் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏரி வேண்டியிருக்கவில்லை, தேவா. எனக்கு அவர் வேண்டியிருந்தது. அவர் தனியாகப் போய் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில்தான் நானும் வருகிறேன் என்றேன். அவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு துள்ளிக் குதித்தார். மறுநாளிலிருந்து எங்கள் கால்களைப் பழக்க ஆரம்பித்தார். விடிந்ததும் ராயல் லேக்கைச் சுற்றி நடப்போம். அது போதாது, ஏற்றம் வேண்டும் என்று ஷ்வேடகோன் படிகளில் ஏறி இறங்கலாம் என்றார். வெறுங்கையோடு ஏறினால் பழக்கம் வராது என்று என் தோளில் ஒரு சின்ன அரிசிப் பையை மாட்டிவிட்டார். படிக்கட்டில் பூ விற்கும் ஒரு பர்மியப் பெண் தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தியப் பெண் இப்படிப் பக்தியோடு அரிசி சுமந்து வருவதை நான் பார்த்ததில்லை, எந்த மடத்துக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. உன் அப்பா என் தோளிலிருந்து பையை இறக்கி, அங்கே காவியுடுத்திப் பிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வயதான பொங்கியின் பாத்திரத்தில் கொட்டிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து பையில் மணல். நீயும் இப்போதே ஆரம்பித்துவிடு. தந்தி மேசைக்கு முன்னால் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிற கால் மலைக்கு உதவாது. வெறுங்கையோடு நடக்காதே. சுமையோடு நட. இறங்குவதையும் பழகு. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் போகும்.

உன்னை டோ மியா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். பக்கத்து வீட்டில் அவள் பிள்ளைகளோடு பிள்ளையாக நீ இருந்தாய். நாங்கள் கிளம்பும்போது நீ அழவில்லை. அவள் ஆக்கிய மீன்சாற்று மொஹிங்காவைக் குடித்துக்கொண்டே கையை ஆட்டினாய். திரும்பி வந்தபோது அவளை அம்மா என்று பர்மியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. அதைச் சொன்னபோது டோ மியா சிரித்துவிட்டு, இரண்டு அம்மா இருக்கட்டுமே, பிள்ளைக்குக் கெடுதியா என்றாள்.

மிட்சினா வரை ரயில். அதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து கோவேறு கழுதைக்காரர்களோடு சேர்ந்துபோக வேண்டும். தனியாகப் போகாதே. அவர்கள் மெதுவாகப் போகிறார்களே என்று அவசரப்படாதே, அந்த வேகம்தான் சரி. பூட்சு புதிதாக வாங்கினால் இப்போதே போட்டு நடந்து பழக்கிவிடு. உன் அப்பா புதுப் பூட்சை மலைக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து அங்கே போய்ப் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாளே குதிகால் தோலுரிந்து, வலியை மறைக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். காலுறைக்கு உள்ளே சோப்பைத் தேய்த்துக்கொண்டால் உராயாது. மூங்கில் காட்டில் அட்டை அதிகம். புகையிலையையும் உப்பையும் துணியில் முடிந்து, நனைத்து, கணுக்காலில் தேய்த்துக்கொள். பருத்தித் துணியை நம்பாதே. வியர்வையில் நனைந்தால் மேலே அது ஈரச் சாக்கு மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கம்பளி வைத்துக்கொள். தீக்குச்சிகளை மெழுகில் தோய்த்து, மூடி இறுகும் தகர டப்பாவில் போட்டு வை. நான் சேலையில் கிளம்பி, முதல் ஏற்றத்திலேயே தடுக்கி விழுந்து, கழுதைக்காரன் கொடுத்த ஷான் மலைக்காரர்களின் தொளதொளக் கால்சட்டையை மாட்டிக்கொண்டேன். கோயில் கமிட்டிக்காரர்கள் பார்த்திருந்தால் என்னைப் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்திருப்பார்கள். உன் அப்பா பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பாட்டுக்கு நான் இங்கிருந்து காய்ந்த இறாலும் பூண்டும் போட்டுப் பலாச்சோங் வறுத்து அனுப்புகிறேன். கெடாது, சோற்றுக்குக் கொஞ்சமே போதும். பொரிகடலையும் வெல்லமும் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்துவிடாதே, மேலே போனால் பசியே தெரியாது. பருப்பு கொண்டுபோகாதே. அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது, ஆனால் பருப்பு வேக மாட்டேன் என்கிறது. நான் அதன் முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளித் தள்ளி, கடைசியில் கல் மாதிரி இருந்ததையே பரிமாறினேன். ஊரில் என் பருப்புக் குழம்பைப் பாராட்டிக்கொண்டிருந்தவர் அதை வாயில் போட்டு ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஊர் லிசு மலைமக்களுடைய ஊர். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் வீடுகள். அங்கேதான் ஆபு என்பவன் எங்களுக்கு வழிகாட்ட வந்தான். அவனோடு அவன் மைத்துனன். ஆபுவுக்கு அரைகுறை பர்மி தெரியும். சோளம் முற்றி நிற்கும் காலம், அறுக்காமல் விட்டால் கரடி தின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஏரிக்கு எதற்குப் போகிறீர்கள், அங்கே மீனும் இல்லை, மேய்ச்சலும் இப்போது இல்லையே என்று உன் அப்பாவைக் கேட்டான். உன் அப்பா மணலில் ஒரு குச்சியால் அந்த ஏரியை வரைந்து, இதை நான்தான் வரைந்தேன் என்றார். ஆபு அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மேலேயிருந்து பறவை பார்த்தால்தான் இப்படித் தெரியும், நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டான். உன் அப்பாவுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஊரிலிருந்து ஏரிக்குப் போக ஒரு பகல் ஏற்றம், ஓர் இரவு தங்கல், மறுநாள் காலையில் இன்னொரு ஏற்றம். காடு முடிந்து, கிளை முறுக்கிய குட்டை மரங்கள் முடிந்து, புல்லும் கல்லுமாக வெறும் மலை வரும். அங்கே தொங்கு பாறை ஒன்றின் அடியில் ஆடு மேய்க்கிறவர்கள் தங்குவார்கள். அதில்தான் தங்க வேண்டும். நான் உனக்குச் சொல்வதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. அந்தப் பாறைக்குப் போகும் முன்னால், மரங்கள் முடியும் இடத்திலேயே ஒரு நாள் சும்மா இருந்துவிட்டுப் போ. நாங்கள் இருக்கவில்லை. ஆபு சோளத்தை நினைத்து அவசரப்பட்டான், உன் அப்பா ஏரியை நினைத்து அவசரப்பட்டார். பாறையடிக்குப் போனதும் அவர் சாப்பிடவில்லை. நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தார். தலைவலியா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. குளிரு" என்றார். குளிர் என்றால் நெருப்புப் பக்கம் வர வேண்டாமா? அவர் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார். கோ தெயினுக்குத் தலை வலித்தாலும், உனக்கு வலித்தாலும், ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள். இரண்டு பேரும் இதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வலி கூடினால் அந்த நிமிஷமே கீழே இறங்க வேண்டும். மலை எங்கும் போய்விடாது.

காலையில் கிளம்பினோம். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. உன் அப்பா முன்னால் போனார். கொஞ்ச தூரத்தில் அவர் நடை மாறியது. குடித்தவர் மாதிரி கால் பின்னியது. கல்லில் கால் வைக்க வேண்டிய இடத்தில் வெறும் இடத்தில் வைத்தார். பேச்சுக் குழறியது. ஏரி எதிரே இருக்கும் முகட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஒரு கடைசி ஏற்றம், நம் கோயில் கோபுரத்து உயரம் இருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கீழே வந்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினார், இருமி முடியவில்லை. ஆபு குனிந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், இதோடு இறங்கிவிட வேண்டும், இனி ஓர் அடி ஏறினாலும் இவர் உயிரோடு இறங்க மாட்டார் என்றான். அவன் குரலில் இருந்தது சோளத்தைப் பற்றிய அவசரம் இல்லை.

நான் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்தார்.

"நீ போயிட்டு வா."

"உங்கள இங்க விட்டுட்டா? எனக்கென்னங்க இருக்கு அந்த ஏரியில?"

"எனக்கு இருக்கு. இவ்வளவு தூரம் வந்து ரெண்டு பேருமே பாக்காமத் திரும்புனா எனக்குத் தாங்காது. நீ பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

அவர் அதற்குமேல் பேச முடியாமல் கையை மட்டும் முகட்டுப் பக்கம் காட்டினார். மைத்துனன் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் போய் வராமல் அவர் இறங்க மாட்டார் என்று கண்டதும் ஆபு என்னை இழுத்துக்கொண்டு ஏறினான். நான் அழுதுகொண்டே ஏறினேன். கோபத்தில் வந்த அழுகை. அவர்மேல் கோபம், அந்தத் தாளின்மேல் கோபம், வடக்கே போய் அளந்துகொண்டு வந்தவன்மேல் கோபம். கல் உருண்டு உருண்டு காலுக்கடியில் போயிற்று. முகட்டில் தலை எட்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. ஆபு என் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே ஏரி இருந்தது.

அதை உனக்கு இங்கே நான் எழுதப் போவதில்லை. நீயே பார்க்கப் போகிறாய். நான் அழுகையை நிறுத்தியதுகூட எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன். எதிர்க்கரையை மேகம் மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் தண்ணீர்மேல் ஏறி வந்து, ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்து, கடைசியில் எங்கள் காலடிக்கே வந்துவிட்டது. நான் அங்கே நின்றது கொஞ்ச நேரம்தான். ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரம்கூட இருக்காது. நீங்கள் விடியும்போதே பாறையிலிருந்து கிளம்பிவிடுங்கள், அப்போதுதான் மேகத்துக்கு முன்னால் போய்ச் சேரலாம். உச்சி வெயிலுக்கு முன்னால் ஏரி எட்டாவிட்டால் திரும்பிவிடுவது என்று முன்னாலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். அங்கே போய் முடிவுசெய்யலாம் என்று இருக்காதீர்கள். அங்கே போனால் யாருக்கும் திரும்ப மனம் வராது.

உன் அப்பாவை ஆபு முதுகில் சுமந்து இறக்கினான். மூட்டை சுமக்கும் பட்டையை நெற்றியில் மாட்டி, அதில் அவரை உட்கார வைத்துக்கொண்டு, கல்லுக்குக் கல் தடவித் தடவி இறங்கினான். வழியெல்லாம் நான் பின்னால் வந்துகொண்டு அவர் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். மரங்கள் ஆரம்பிக்கும் இடம் வந்தது. அங்கிருந்து இன்னும் கீழே, ஒரு ஓடைக்கரையில் இறக்கிவிட்டோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் உதட்டில் நிறம் திரும்பியது. உப்புப் போட்ட டீயைக் கொடுத்தேன், குடித்தார். தலையை மரத்தில் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிழைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. அவர் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"சொல்லு. நான் போட்ட நீலம் சரிதானா?"

"நீலமே இல்லீங்க. கறுப்பு. பிள்ளைங்க சிலேட்டத் தண்ணி தொட்டுத் தொடச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. "அப்ப நான் போட்டது தப்பு" என்றார். பிறகு எல்லாவற்றையும் கேட்டார். கரை கல்லா மண்ணா, எந்தப் பக்கம் செங்குத்து, தண்ணீர் அசைந்ததா அசையாமல் நின்றதா. பார்த்ததைச் சொன்னேன். வடக்கு மூலையில் ஒரு வளைவு இருந்ததா என்று கேட்டார். அந்த இடத்தில் பென்சில் கோடு மழையில் நனைந்து அழிந்திருந்ததாம், இப்படித்தான் இருக்கும் என்று தானாக ஒரு வளைவு போட்டுவிட்டாராம். அந்தப் பக்கம் மேகம், நான் பார்க்கவில்லை என்றேன். இருந்தது என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு நான் பார்க்கவில்லை என்றுதான் பதில் சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டார்.

ஊருக்கு வந்த பிறகு, அடுத்த தடவை மெதுவாகப் போவோம், ஒவ்வோர் உயரத்திலும் தங்கித் தங்கிப் போவோம் என்று திட்டம் போட்டார். அடுத்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் உனக்கு டைபாய்டு. அப்புறம் யுத்தம் வந்தது. ஆபீசில் பாதி ஆட்கள் பட்டாளத்துக்குப் போய்விட, இருந்தவர்கள் தலையில் வேலை விழுந்தது. யுத்தம் முடிந்தபோது அவர் நெஞ்சு கெட்டிருந்தது. டாக்டர் மாடிப்படிகூட ஏறக் கூடாது என்றார். அன்றோடு திட்டம் போடுவது நின்றது. கேட்பது நிற்கவில்லை. டிராமில் போய்க்கொண்டிருப்போம், திடீரென்று, "முகட்டுல ஏறினதும் மொதல்ல எது தெரிஞ்சுது?" என்பார். மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாத நாளில் கேட்பார். நான் சமையலுக்கு நடுவில் சொல்வேன். அலுத்துக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். நீ அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்திருப்பாய், உன் காதில் விழுந்திருக்காது.

அவர் படுத்த படுக்கையான பிறகு ஒரு மத்தியானம், வெளியே நல்ல மழை, சொல்லு என்றார். வழக்கம்போல ஏற்றத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். முடித்த பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். அப்போது சொன்னார்:

"அன்னைக்கு நீ மேல போய் நின்னது எனக்குக் கீழருந்து தெரிஞ்சுது. கம்பளி காத்துல ஆடுச்சு. நீ மட்டும் அசையல. அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அப்புறம் எதுக்குங்க இத்தனை தடவை கேட்டீங்க, பாதிக்கு எனக்குப் பதிலே தெரியலையே என்றேன்.

"அதச் சொல்றப்பதான் நீ அவசரமில்லாமப் பேசுவ" என்றார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நீ மிட்சினாவிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்னிடம் இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போனபோது நீயும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

நீ என்னையும் கூப்பிட்டிருக்கிறாய். வேண்டாம். என் முழங்கால் இப்போது டோ மியா வீட்டு வாசற்படிக்கே யோசிக்கிறது. ஆபு இருந்தால் அவனைப் பார். இருந்தால் இப்போது கிழவனாயிருப்பான். அவன் கீழே சுமந்து வந்த மனுஷன் அதன்பிறகு பல வருஷம் உயிரோடு இருந்தார் என்று சொல். முகட்டில் ஏறியதும் திரும்பிவிடாதே, கரைக்கு இறங்கிப் போ. நான் போகவில்லை. தண்ணீரில் கையை வை. எதிர்க்கரையில் மேகம் இல்லையென்றால் வடக்கு மூலையைப் பார். வளைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார். அங்கே நின்று ஒரு கூப்பாடு போட்டால் எந்த மலை பதில் சொல்கிறது என்று கேட்டுக்கொள். சாயங்காலம் அந்தத் தண்ணீர் என்ன நிறத்துக்கு மாறும் என்று உன் அப்பா கேட்டிருக்கிறார், ஆனால் அதற்காக அங்கே இருட்டும்வரை நிற்காதே.

தேவா, அவர் போனதிலிருந்து அந்த ஏரியைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க ஆள் இருந்தவரை அது எனக்கு நேற்றுப் பார்த்தது மாதிரி இருந்தது. இப்போது தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால், பெரிய பாறை இடது பக்கம் இருந்ததா வலது பக்கமா என்றுகூடச் சந்தேகம் வருகிறது. மேகம் முதலில் எங்கிருந்து ஏறியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பகலில் நடந்துகொண்டிருக்கும்போது, அவர் கூப்பிட்டுக் கேட்பது போல நின்றுவிடுகிறேன். பதில் வாய் வரை வருகிறது. சொல்ல ஆள் இல்லை.

அதனால் பார்த்துவிட்டு எனக்கு எழுதாதே. லீவில் கொஞ்ச நாளை மிச்சம் வைத்துக்கொண்டு நேரே இங்கே வா. கோ தெயினும் வரட்டும், டோ மியா உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆக்குவாள். நீ பார்த்ததை நீ சொல், நான் பார்த்ததை நான் சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உட்கார்ந்து சண்டை போடலாம். இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு வெகுநாளாகிறது.

கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும்.

உன் அம்மா